ஊன்றுகோலும் திருவருளே

ஊர் நோக்கி மீளும் நெடுவழியில் இடையூறு மேன்மேலும் நேருங்கால், இறைவனுக்கு நன்றி செலுத்துதல் பொருந்துமோ என்னும் ஐயம் அன்பர் பலர்க்கும் எழுவதாகும். துன்பம் நீங்கிய பின்னர் நன்றி கூறல் எளிது. அதன் நடுவே நின்று கூறுதல் தன்னைத்தானே வஞ்சித்தலாய் முடியாதோ என்பர். சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரினின்றும் திருவாரூருக்கு மீண்ட வரலாற்றின்கண் இதற்கு விடை உளதாதலின், அதனை ஈண்டு ஆராய்வாம்.

சங்கிலியாரைப் பிரியேன் என மகிழின்கீழ்ச் சூளுற்ற நாயனார், ஆரூர் வசந்த விழாவை நினைந்து அச்சூளைக் கடந்து புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியவுடன் இரு கண்களும் ஒளியிழந்தன. வடதிருமுல்லைவாயிலை வணங்கித் திருவெண்பாக்கம் அடைந்து வேண்டினார். ஆங்கு அவர் பெற்றது கண் அன்று, ஓர் ஊன்றுகோலே. பின்னர்க் காஞ்சியில் இடக்கண் பெற்றார். திருத்துருத்தியில் உடற்பிணி நீங்கப்பெற்றார். வலக்கண் பெற்றது ஆரூரை அடைந்த பின்னரே. இது சேக்கிழார் பெருமான் கூறும் முறை.

இவற்றுள் நாம் நின்று நோக்கற்பாலது வெண்பாக்கம். கண் வேண்டினார்க்குக் கோல் ஈதல் மறுத்தலோ, அருளலோ? நாயனார் ஆங்கு மகிழ்ந்து பாடினாரல்லர்; ஏழாந்திருமுறையிலுள்ள அப்பதிகம் முறையீடாகவே அமைந்துளது. ஆயினும் அவர் கோலை எறிந்திலர், வழியையும் விட்டிலர். ஆலங்காடு பணிந்து காஞ்சிக்குச் சென்றார். சொல் முறையீடாயினும், பெற்றதைக் கைக்கொண்டு மேற்சென்ற அச்செயலே நன்றியாயிற்று என்க. நோவை நோவன்று எனல் பொய். நோவினிடையே வந்த உதவியை உதவியென்று அறிதலே நன்றி. ஆகலின் வஞ்சித்தல் என்னும் கடா ஈண்டுச் செல்லாமை காண்க.

அற்றேல், கண்ணொளியை மறைத்தவனும் அவனன்றோ, மறைத்தவன் கோல் தருதல் எங்ஙனம் அருளாகும் எனின், கூறுதும். சூள் பிழைத்ததன் பயன் நுகர்ந்தே கழியற்பாலது. அதனை நுகர்விப்பது சினமன்று, மறக்கருணையாம். சொற்கேளாப் புதல்வரைப் பெற்றோர் ஒறுத்தல் அன்புபற்றியதே என, அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் இதனை உவமை முகத்தான் விளக்கினார்.

இனி, இக்கோல் நம் நிலையையும் காட்டும். ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு இறைவன் மாயையினின்றும் தனு கரண புவன போகங்களைக் கூட்டுகின்றான். அவை இருளை அறவே நீக்கா, வழிநடக்கத் துணையாம். உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் மாயையை விடியுமளவும் உதவும் விளக்கிற்கு ஒப்பிட்டதும் இக்கருத்தேபற்றி. விளக்கு ஞாயிறன்று என வெகுண்டு அதனை அவிப்பான் இருளிலேயே வீழ்வன். தளர்ந்தும் இயங்கும் உடம்பும், வழியில் ஒருவர் இட்ட உணவும், பாதியே நிறைவேறிய வேண்டுகோளும் நமக்கு வாய்த்த கோல்கள். பெறாத கண்ணையே எண்ணிப் பெற்ற கோலை மறப்பமாயின், மேலே ஓரடியும் வைத்தல் இயலாது.

பழைய வெண்பாக்கத் தலம், 1944-இல் முற்றுப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்தது. பெருமான் இன்று பூண்டியில் எழுந்த புதிய ஆலயத்தில் வீற்றிருக்கின்றான். இடம் மாறியும் திருப்பெயர் மாறிற்றிலது. ஊன்றீசன் என்பதே அது. அடியார் வேண்டிய கண்ணால் அன்றி, அவர்க்கு ஈந்த கோலால் அவன் பெயர் பெற்றமையை அன்பர்கள் சிந்திப்பார்களாக.

திருச்சிற்றம்பலம்.