ஆபீஸ் லேப்டாப், போன்: கொடுக்கும்போதும் வாங்கும்போதும்

ஊழியர் கையில் போனைக் கொடுக்கும் அன்றே *#06# அழுத்தி 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சிம் போனில் இரண்டு எண் வரும், இரண்டையும் எழுதுங்கள். தொலைந்தால் போலீஸ் புகாருக்கும், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்குவதற்கும் இது வேண்டும்.

பிட்லாக்கர் குறியாக்கம் போட்ட விண்டோஸ் லேப்டாப்புக்கு 48 இலக்க மீட்புச் சாவி உண்டு. அதை அதே லேப்டாப்பில் சேமித்து வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்த கதைதான்!

பெரிய தலைவலி, வேலையை விட்டுப் போகிறவர் திருப்பித் தரும் ஆண்ட்ராய்டு போன். கூகுள் கணக்கை நீக்காமல் ரெக்கவரி மெனு வழியாக ரீசெட் செய்தால், திரும்ப ஆன் செய்யும்போது பழைய கணக்கைக் கேட்டு நின்றுவிடும். ஆளோ அதற்குள் ஊர் மாறியிருப்பார். அவர் எதிரில் இருக்கும்போதே செட்டிங்ஸில் கணக்கை நீக்கி, ரீசெட் செய்து, முகப்புத் திரை வரை போய்ப் பார்த்துவிடுங்கள். ஐபோன் என்றால் ‘ஃபைண்ட் மை’யை அணைக்கச் சொல்லுங்கள்.

சொந்த ஆண்ட்ராய்டு போனில் ஆபீஸ் மெயில் பார்ப்பவருக்கு, ஆபீஸ் ஆப்களைத் தனியே வைக்கும் வொர்க் ப்ரொஃபைல் போதும். அதை மட்டும் அழிக்கலாம், குடும்பப் படங்கள் தப்பும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. உங்கள் ஆபீஸில் இன்னும் எத்தனை மெஷின் அதில் ஓடுகிறது என்று இந்த வாரமே எண்ணிவிடுங்கள்.