முதல் நோயாளி யார்?



காடும் விலங்கும் மனிதனின் பயனுக்காகவே உள்ளன என்று எண்ணுவதை 'மனித மையப் பார்வை' என்பர். அப்பார்வை சில வேளைகளில் புதிய நோய்களுக்கும் வழி திறந்துவிடுகிறது. நம் நாட்டில் நிகழ்ந்த ஒன்றைக் காண்போம்.

1957ஆம் ஆண்டு, இன்றைய கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்திலுள்ள கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்து விழுந்தன. அருகிலிருந்த சிற்றூர் மக்களும் கடுங்காய்ச்சலால் வாடினர். புனேயிலிருந்த வைரஸ் ஆய்வு மையத்தினர் ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத ஒரு வைரஸே காரணம் எனக் கண்டனர். உண்ணிகள் அதனைப் பரப்பின. ஆய்வாளர் அதற்குக் 'கியாசனூர்க் காட்டு நோய்' என்று பெயரிட்டனர். மக்கள் 'குரங்குக் காய்ச்சல்' என்றனர்.

இவ்விரு பெயர்களையும் பாருங்கள். பழி காட்டின்மீதும் குரங்கின்மீதும் விழுந்தது! உண்மையோ வேறு. அவ்வைரஸ் உண்ணிகளிடமும் சிறு விலங்குகளிடமும் காட்டுக்குள் இருந்தது. மனிதர் காட்டைத் திருத்தி வயலாக்கினர். காட்டோரத்தில் மாடுகளை மேய்த்தனர். மாட்டின் குருதியை உண்டு உண்ணிகள் பெருகின. காட்டுக்கும் ஊருக்கும் இடையிலிருந்த தொலைவு குறைந்தது. குரங்கும் நம்மைப் போலவே உண்ணி கடித்து நோயுற்றது. அது குற்றவாளியன்று; நம்மை முன்னரே எச்சரித்த முதல் நோயாளி. காட்டில் குரங்கு இறந்து கிடந்தால் உடனே தெரிவிக்குமாறு சுகாதாரத் துறையினர் கூறுவது இதனாலேயே.

"டாலிகஞ்சில் மெட்ரோ ரயிலில் செல்லும் நமக்குக் காடு தொலைவில் அன்றோ உள்ளது?" என்று நீங்கள் கேட்கலாம். 2001ஆம் ஆண்டு நம் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் நிபா நோய் பரவியது. நிபா வைரஸின் இயற்கை இருப்பிடம் பழந்தின்னி வௌவால். ஆயினும் சிலிகுரியில் பலர் வௌவாலை நெருங்காமலே, மருத்துவமனையில் பிற நோயாளிகளிடமிருந்து அந்நோயைப் பெற்றனர். காட்டுயிரிடமிருந்து மனிதரை அடைந்த நோய்க்கு நகரம் தொலைவன்று.

எனவே வௌவாலைக் கொல்வது தீர்வாகாது. அது பூக்களில் மகரந்தம் சேர்ப்பது. விதை பரப்பிக் காடு வளர்ப்பது. அதன் மரங்களை நாம் வெட்டினால், உணவு தேடி அது நம் தோட்டத்திற்கே வரும். காட்டைக் காட்டுயிர்களுக்கு விட்டுவைப்பது நாம் இடும் தருமமன்று. நமக்கு நாமே கட்டும் வேலி.

சொற்பொருள்
மடிதல் – இறத்தல்
குருதி – இரத்தம்
காடு திருத்துதல் – காட்டை அழித்து விளைநிலமாக்குதல்

பயிற்சி
1. குரங்கை 'முதல் நோயாளி' என்று பாடம் கூறுவது ஏன்?
2. காட்டோரத்தில் உண்ணிகள் பெருகியது எவ்வாறு?
3. 'குரங்குக் காய்ச்சல்' என்னும் பெயர் பொருத்தமானதா? வேறு பெயர் சூட்டிக் காரணம் எழுதுக.