தடுப்பூசியை ஏன் பலமுறை போடுகிறோம்?

குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாள் வந்தால், "போன மாதமும் போட்டதுதானே, திரும்பவும் ஏன்?" என்று பெற்றோர் பலர் கேட்கின்றனர். இதற்கான விடை எமது இரத்தத்திலுள்ள வெண்கலங்களில் இருக்கின்றது. அதனைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

நோய்க்கிருமியைப் பற்றிப் பிடிக்கும் புரதங்களைப் பிறபொருளெதிரிகள் என்கிறோம். இவற்றை உண்டாக்குபவை பி கலங்கள். ஆனால் பி கலம் பெரும்பாலும் தனித்து இயங்குவதில்லை. உதவி ரி கலத்தின் சைகை அதற்கு வேண்டும். 1968இல் மெல்பேர்ணில் ஜாக் மில்லரும் கிரஹாம் மிச்சலும் சுண்டெலிகளில் செய்த ஆய்வுகள் இக்கூட்டுறவைத் தெளிவாக்கின.

இது நடைபெறும் முறை:

1. பி கலம் கிருமியின் ஒரு பகுதியைப் பிடித்து, உள்ளே இழுத்துத் துண்டாக்குகின்றது.

2. அதிலுள்ள புரதத் துண்டைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகின்றது.

3. அத்துண்டை இனங்காணும் ரி கலம், பி கலத்தின் மேலுள்ள சீடி40 என்னும் புரதத்தைத் தொடுகின்றது. இன்டர்லூக்கின் என்னும் இரசாயனப் பொருட்களையும் சுரக்கின்றது. இவையே சைகைகள்.

4. சைகை பெற்ற பி கலம் பெருகுகின்றது. அவற்றுட் சில பிறபொருளெதிரிகளைச் சுரக்கின்றன. வேறு சில நினைவுக் கலங்களாக நெடுங்காலம் தங்குகின்றன.

சீடி40 வழியான சைகை பிறவியிலேயே குறைபட்டால், ஐஜிஎம் என்னும் ஆரம்ப வகைப் பிறபொருளெதிரி உண்டாகும். ஐஜிஜி வகை மிகக் குறைந்துவிடும். அக்குழந்தைகளைக் கடுமையான தொற்றுக்கள் அடிக்கடி தாக்கும்.

இந்த அறிவு உயிர்காத்த கதை ஒன்றும் உண்டு. ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுக்கு மூளை உறை அழற்சியை உண்டாக்கிய 'ஹிப்' என்னும் பக்டீரியாவைச் சர்க்கரைப் பொருளாலான உறை மூடியிருக்கின்றது. அவ்வுறையைக் கொண்டு தயாரித்த தடுப்பூசி 1985இல் அமெரிக்காவில் வந்தது. அது கைக்குழந்தைகளுக்குப் பயன்படவில்லை. ஏனெனில் உதவி ரி கலம் புரதத் துண்டையே இனங்காணும். வெறும் சர்க்கரையை இனங்காணாது. சைகையின்றிக் குழந்தையின் பி கலம் போதியளவு செயற்படாது. ஆகவே அறிஞர்கள் அச்சர்க்கரையை ஒரு புரதத்துடன் இணைத்தனர். பி கலம் சர்க்கரையைப் பிடிக்க, ரி கலம் புரதத்தை இனங்கண்டு சைகை கொடுத்தது. இவ்வூசி 1990இல் அமெரிக்காவிலும் 1992இல் பிரித்தானியாவிலும் கைக்குழந்தைகளுக்குக் கிடைத்தது. அந்நாடுகளில் ஹிப் நோய் மிக அரிதாயிற்று.

இனி முதற் கேள்விக்கு வருவோம். முதல் ஊசியில் தோன்றும் நினைவுக் கலங்கள் சிலவே. அடுத்த ஊசியில் அவை விரைந்து பெருகி, கிருமியை இன்னும் இறுக்கமாகப் பற்றும் பிறபொருளெதிரிகளைத் தருகின்றன. எனவே இடையில் நிறுத்தினால் பாதுகாப்புக் குறைந்துவிடும்.

பெற்றோர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும் அவசரத்தில் ஓர் ஊசியைத் தவறவிட்டிருந்தால் கலங்க வேண்டாம். பொதுவாக முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தடுப்பூசி அட்டையுடன் உங்கள் வைத்தியரிடம் சென்று, மீதியை நிறைவுசெய்வோமாக.