பிடி தளர்ந்தால் எண் மாறும்

மேசை விளிம்பில் அடிக்கோலை வைத்து அழுத்தி, அதன் நுனியைத் தட்டி ஓசை எழுப்பி விளையாடாத மாணவி நம் பள்ளியில் உண்டோ? அந்த விளையாட்டே இவ்வாண்டு பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு ஒரு பாடமாக அமைந்தது. அதனை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இரு குழுக்களாகப் பிரிந்தோம். மர மீட்டர் அளவுகோல் ஒன்றின் ஒரு முனையை மேசையோடு சேர்த்து இரும்புக் கிளாம்பினால் இறுக்கினோம். 80 செ.மீ. நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் 200 கிராம் எடையைக் கட்டி, சற்றே கீழே இழுத்து விட்டோம். அது மேலும் கீழுமாக ஆடியது. 50 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தில் குறித்தோம்.

முதல் குழுவினருக்கு 29 வினாடிகள் வந்தன. எங்களுக்கோ 31 வினாடிகள்! அதாவது அவர்கள் கோல் நிமிடத்திற்கு ஏறத்தாழ 103 முறை ஆட, எங்கள் கோல் 97 முறையே ஆடியது. மீண்டும் எண்ணினோம், அதே 31. நாங்கள்தாம் தவறு செய்துவிட்டோம் என்று தோழியர் சிரித்தனர். எங்களுள் சிலர், "பேசாமல் 29 என்றே எழுதிவிடலாம்" என்றுகூட எண்ணினோம்.

அப்போது சிஸ்டர் எங்கள் அருகில் வந்து, "பிறர் விடையை எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம், காரணம் கிடைக்காது. ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்" என்றார்கள்.

கடிகாரங்களை மாற்றினோம்; பயனில்லை. அளவுகோல்களை மாற்றினோம், அப்போதும் எங்கள் மேசையில் 31தான். இறுதியில் கிளாம்பைக் கழற்றினோம். புதிய மேசையில் தழும்பு விழக்கூடாதென்று கோலுக்கு அடியில் நாங்கள் ஒரு ரப்பர்த் துண்டை வைத்திருந்தோம்! அதை எடுத்துவிட்டு இறுக்கியதும் 29 வினாடிகள் வந்தன. எங்கள் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

காரணம் என்ன? ரப்பர் மெத்தென்று இருப்பதால், பிடிக்கப்பட்ட பகுதியும் சிறிது அசைகிறது. வெளியே 80 செ.மீ. மட்டுமே தெரிந்தாலும், அதைவிட நீளமான கோல்போல அது ஆடுகிறது. கோலின் நீளம் இரு மடங்கானால் அதன் விறைப்பு எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே சில சென்டிமீட்டர் வேறுபாடும் எண்ணில் தெரிந்துவிடுகிறது.

கோல்ஃப் விளையாட்டுக்கான மட்டைத் தண்டின் விறைப்பையும் இவ்வாறே அளக்கிறார்கள் என்று சிஸ்டர் கூறினார்கள். நம் ராயபுரத்துத் தெருக்களில் கோல்ஃப் மட்டையைக் காண்பது அரிது. ஆனால் 1829ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் கோல்ஃப் சங்கம் தோன்றிவிட்டது. தண்டின் கைப்பிடி முனையைப் பெரும்பாலும் 5 அங்குல அளவுக்குக் கிளாம்பில் இறுக்கி, மறுமுனையை ஆடவிட்டு, நிமிடத்திற்கு எத்தனை அலைவுகள் என்று கருவி எண்ணுகிறது. நீண்ட மட்டைக்கு ஏறத்தாழ 250 வரும். குறைந்த நீளம் பிடித்தாலும், ரப்பர் உறையோடு பிடித்தாலும், கருவி வைத்த மேசை ஆடினாலும் எண் குறையும். பிடித்த முறையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது அரைகுறைச் செய்தியே.

எண்ணூரில் 1949இல் உற்பத்தியைத் தொடங்கிய தொழிற்சாலையில் லாரிகள் உருவாவதை நாம் அறிவோம். துறைமுகத்திற்குச் செல்லும் லாரிகளின் அடியில் கமான் பட்டைகளை அச்சோடு சேர்த்து யு போல்ட்டுகள் இறுகப் பிடித்திருக்கின்றன. திருவொற்றியூர்ப் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் எங்கள் தோழியின் தந்தை, "யு போல்ட் தளர்ந்தால் பட்டை நடுவிலேயே முறியும்" என்றார். அங்கே பிடி தளர்ந்தால் மாறுவது எண் மட்டுமன்று. சாலையில் செல்வோரின் உயிருக்கே ஆபத்து.

எங்கள் பதிவேட்டில் இரு விடைகளையும் எழுதினோம்: ரப்பருடன் 31, ரப்பரின்றி 29. சிஸ்டர் இரண்டிற்கும் கையொப்பமிட்டார்கள். தோழியரே, உங்கள் விடை பிறர் விடையோடு ஒத்துவராவிட்டால் உடனே அழித்துவிடாதீர்கள். எதை அளந்தீர்கள் என்பதோடு, எப்படிப் பிடித்தீர்கள் என்பதையும் ஒருமுறை பாருங்கள்!