குழந்தையின் உழைப்பு ஈட்டுப் பொருளன்று

கடன் வாங்குவோர் நிலத்தையோ நகையையோ ஈடு வைப்பது வழக்கம். சிவகாசி, சாத்தூர் வட்டாரத்து மானாவாரிக் கிராமங்களில், மழை பொய்த்த காலங்களில் தீப்பெட்டி ஆலை ஏஜெண்டுகளிடம் முன்பணம் பெற்ற குடும்பங்கள் பல, பிள்ளைகளின் உழைப்பைக்கொண்டே அக்கடனைத் தீர்க்க நேர்ந்தது. 1980-களில் விடியுமுன்னரே ஆலை பஸ்கள் வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்றன. குச்சி அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், லேபிள் ஒட்டுதல் ஆகிய வேலைகளுக்கு உருப்படிக் கணக்கில் கூலி கொடுக்கப்பட்டது.

தனிப் பாதுகாப்பு ஏன்?

மைனர் எழுதிக்கொடுக்கும் கடன் பத்திரம் செல்லாது என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். நன்மை தீமைகளை ஆராய்ந்து ஒப்புக்கொள்ளும் பக்குவம் அவ்வயதில் இல்லை என்பதே காரணம். அங்ஙனமாயின், தான் வாங்காத கடனைக் குழந்தை உழைத்து அடைப்பது எவ்விதம் நியாயமாகும்? மேலும், வளரும் உடல் மருந்துத் தூளையும் நெடியையும் தாங்காது. பெரியவர் இழந்த கூலியைப் பின்னர் ஈட்டலாம். குழந்தை இழந்த பள்ளிப் பருவம் திரும்ப வாராது.

சட்டங்கள்

1933-ம் வருஷத்துச் சட்டம், 15 வயதுக்குட்பட்ட குழந்தையின் உழைப்பை ஈடு வைக்கும் ஒப்பந்தம் செல்லாதென விதித்தது. ஈடு வைக்கும் பெற்றோருக்கும், அதனை ஏற்போருக்கும் அபராதம் ஏற்படுத்திற்று. 1938-ம் வருஷத்துச் சட்டம், பின்வந்த திருத்தத்துடன், 12 வயது நிரம்பாதோரைத் தீப்பெட்டி, வாணவேடிக்கைப் பட்டறைகளில் வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. ஆயினும் குடும்பத்தார் மட்டும் நடத்தும் பட்டறைக்கு விலக்கு இருந்தது.

சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10-ந் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி, சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி ரூ. 20,000 நிதியில் செலுத்த வேண்டும். அக்குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு சர்க்கார் வேலை தேடித் தரவேண்டும், இயலாவிடில் ரூ. 5,000 செலுத்த வேண்டும். பிள்ளையின் கூலி நின்றால் அடுப்பு எரியாது என்னும் நிலையை நீதிமன்றம் உணர்ந்தே இவ்வாறு விதித்தது. 2016-ம் வருஷத்துத் திருத்தத்தின் பின், 18 வயது நிரம்பாத எவரையும் அபாயகரமான தொழிலில் அமர்த்தலாகாது.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

1. விதைப்பு, வைத்தியம் முதலிய செலவுகளுக்குச் சங்கத்தின் பயிர்க்கடன், நகைக்கடன், சேமிப்பு ஆகியவற்றையே நாடவேண்டும். பிள்ளையின் பேரால் எவரிடமும் முன்பணம் பெறலாகாது.

2. படிப்பை நிறுத்திய பிள்ளையை மீண்டும் பள்ளியில் சேர்க்க வேண்டும். 2009-ம் வருஷத்துக் கல்விச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். இளையோருடன் உட்காரும் வெட்கம் இல்லை.

3. பட்டறையில் குழந்தை வேலை செய்யக் கண்டால் 1098 என்னும் டெலிபோன் எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் இவற்றை வாசித்து, எழுத்தறியாத அங்கத்தினர்களும் அறியச் செய்வது பஞ்சாயத்தாரின் கடமையாகும்.