பயறு முளைக்கட்டும், பழி வேண்டாம்

இந்த மாதப் பாடம்: சாமி, குடும்பம், உடம்பு – மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி?



சேமிப்பு, கடன், தவணை என்று மாதாமாதம் பேசுகிறோம். இந்த மாதம் கணக்கு நோட்டில் ஏறாத ஒரு விஷயத்தைப் பேசுவோம். நம்மில் பலர் மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிற விஷயம் அது. கல்யாணமாகி இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஆகியும் குழந்தை இல்லை என்றால் அந்த வீட்டுப் பெண் என்ன பாடுபடுகிறாள்? அவள் சாமி கும்பிடுவதும், குடும்பத்தோடு வாழ்வதும், தன் உடம்பைப் பார்த்துக்கொள்வதும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க என்ன செய்யலாம்? எங்கோ இருக்கிற ஊரைத் தேட வேண்டாம். நம்ம திருப்புட்குழிக் கோயிலை வைத்தே படிக்கலாம்.

நம்ம கோயில், நம்ம நம்பிக்கை

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, தேசிய நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாளும் மரகதவல்லித் தாயாரும் இருக்கிற இந்தத் தலம் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் பாடிய தலம். ராமானுஜர் இளம் வயதில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊரும் இதுதான்.

'புள்' என்றால் பறவை. சீதையைக் காப்பாற்ற ராவணனோடு போராடி, இறக்கை வெட்டுப்பட்டு விழுந்த ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் இது என்பது தலபுராணம். அதனால்தான் ஊர்ப் பெயர் புட்குழி, குளத்தின் பெயர் ஜடாயு தீர்த்தம்.

குழந்தை வரம் கேட்டு இங்கே வருகிற பெண்கள் தீர்த்தத்தில் நீராடி, வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவு படுக்கிறார்கள். காலையில் பயறு முளைத்திருந்தால் பிள்ளை பாக்கியம் உண்டு என்பது நம்பிக்கை. வறுத்த பயறு சாதாரணமாக முளைக்காது. அதுவே முளைத்தால் தாயாரின் அருள் என்று கையெடுத்துக் கும்பிடுகிறோம். எங்கெங்கிருந்தோ பெண்கள் வருகிறார்கள். வருகிறவர்களுக்கு மனசில் ஒரு தெம்பு கிடைக்கிறது. அந்தத் தெம்பு பெரிய விஷயம். அதை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று யோசியுங்கள். பயறு முளைக்காத பெண் என்ன ஆவாள்? அழுதுகொண்டே வீட்டுக்குப் போகிறாள். அங்கே நாத்தனார் கேட்கிறார், மாமியார் கேட்கிறார், பக்கத்து வீட்டுக்காரம்மா கேட்கிறார். "சாமியே கைவிட்டுடுச்சு" என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் போதும். வளைகாப்பு வீட்டில் அவளை ஓரமாக நிறுத்திவிடுகிறார்கள்.

தாயாரிடம் போவது ஆறுதல் கேட்க, வரம் கேட்க. அந்தப் பயறைப் பரிசோதனைச் சீட்டாக மாற்றி ஒரு பெண் தலையில் பழி போடுவது நாம் செய்கிற வேலை. தாயார் செய்வது இல்லை.

காரணம் யாரிடம்?

குழந்தைப்பேறு தாமதமாவது அபூர்வமான விஷயம் இல்லை. உலகத்தில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் இந்தக் கஷ்டத்தைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு அறிக்கையில் சொல்லியிருக்கிறது.

பெண்ணிடம் காரணம் இருக்கலாம். மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் வருவது, சினைப்பையில் நீர்க்கட்டி, தைராய்டு கோளாறு, கருக்குழாய் அடைப்பு ஆகியவை அதில் சேரும். ஆணிடமும் காரணம் இருக்கலாம். விந்தணு குறைவாக இருப்பது, இருப்பவை ஓட்டமில்லாமல் இருப்பது, நாளத்தில் அடைப்பு, நரம்பு சுருட்டிக்கொள்வது ஆகியவை அதில் சேரும். குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது, தனியாகவோ பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ. சில தம்பதிகளுக்கு எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தும் காரணம் புரிவதில்லை.

நம்ம வீடுகளில் நடப்பது என்ன? மருமகளை மட்டும் ஸ்கேன் எடுக்க அழைத்துப் போகிறோம். "எம்புள்ளைக்கு என்ன குறை, கல்லு மாதிரி இருக்கான்" என்கிறோம். கல் மாதிரி இருக்கிற உடம்பிலும் விந்தணு குறைவாக இருக்கலாம். வெளியில் பார்த்து ஒன்றும் தெரியாது. ஆணுக்கான முதல் பரிசோதனைக்கு ஊசிகூடக் கிடையாது. 2 நாள் முதல் 7 நாள் வரை சேராமல் இருந்துவிட்டு விந்து மாதிரி கொடுத்தால் போதும். பெண்ணுக்கு ஊசி, மருந்து, கருக்குழாய்ப் பரிசோதனை என்று அலைக்கழிப்பதற்கு முன்னால் இந்த எளிய பரிசோதனையைச் செய்துவிட்டால் காசும் மிச்சம், வலியும் மிச்சம்.

ராமாயணத்திலேயே பாருங்கள். பிள்ளை இல்லை என்று தசரதர் ராணிகளை மட்டும் யாகத்துக்கு அனுப்பிவிட்டு அரண்மனையில் உட்கார்ந்திருக்கவில்லை. அவரே யாகம் செய்தார். நம்ம வீட்டு ஆண்கள் ஒரு பரிசோதனைக்கு வரக்கூடாதா?

பெண் குழந்தையாகவே பிறக்கிறது என்று தாயைத் திட்டுவதும் தப்பு. ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனிடமிருந்து வரும் விந்தணு.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

• 35 வயதுக்குள் இருப்பவர்கள்: கருத்தடை இல்லாமல் 1 வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால்.
• 35 வயதைத் தாண்டியவர்கள்: 6 மாதம் பார்த்தால் போதும்.
• மாதவிலக்கு 2, 3 மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள், தாங்க முடியாத வயிற்றுவலி உள்ளவர்கள், முன்பு காசநோய் வந்தவர்கள்: காத்திருக்கவே வேண்டாம்.
• கணவனும் மனைவியும் சேர்ந்தே போக வேண்டும். முதலில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

தனியார் சோதனைக்குழாய் மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால், 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பதிவு செய்யப்பட்ட மையமா என்று கேளுங்கள். மொத்தம் எவ்வளவு ஆகும், பலன் கிடைக்க வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் நகையை அடகு வைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். "உறுதியாகக் குழந்தை" என்று யார் சொன்னாலும், டாக்டர் ஆனாலும் பரிகாரம் செய்கிறவர் ஆனாலும், அங்கே பணம் கட்டாதீர்கள்.

கணவர் குடியையும் புகையிலையையும் விட்டால் பலன் உண்டு. ஆனால் விந்தணு உருவாக ஏறக்குறைய 3 மாதம் ஆகும். இன்றைக்கு விட்டால் நாளைக்கே தெரியாது. பொறுமை வேண்டும்.

நாள் கணக்கு தெரிந்துகொள்வோம்

28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருகிறவர்களுக்கு, வந்த முதல் நாளிலிருந்து எண்ணினால் 14ஆம் நாளை ஒட்டிக் கருமுட்டை வெளிவரும். அதற்கு முந்தைய 5 நாளும் அந்த நாளும்தான் கரு தங்க ஏற்ற நாட்கள். இது தெரியாமல் பல வீடுகளில் என்ன நடக்கிறது? ஆடி மாதம் பெண் தாய் வீட்டில். கார்த்திகையில் கணவர் மாலை போட்டு 48 நாள் விரதம். நடுவில் வெள்ளி, செவ்வாய், சனி. தறி வேலை, கம்பெனி ராத்திரி ஷிப்ட் வேறு. இப்படியே மாதங்கள் போய்விடுகின்றன. பழி மட்டும் பெண்ணுக்கு. விரதத்தை விடச் சொல்லவில்லை. காலண்டரில் இரண்டையும் குறித்துக்கொண்டு, மோதாமல் அமைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

விரதமும் உடம்பும்

'சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்று நம்ம பாட்டிமார் சொல்வார்கள். சஷ்டி விரதம் இருந்தால் கருப்பையில் பிள்ளை வரும் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஆனால் சட்டியில் சோறு இல்லாமல் உடம்பில் ரத்தம் எங்கிருந்து வரும்? இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. விடியற்காலை எழுந்து, தார் சுற்றி, கஞ்சி வைத்து, எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் மிச்சத்தைச் சாப்பிடுகிறவர்கள்தானே நாம்! அதன்மேல் வாரத்தில் 2 நாள் பட்டினி என்றால் உடம்பு தாங்காது.

விரதம் இருக்கிறவர்கள் இவற்றைக் கவனியுங்கள்:

1. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். கர்ப்பிணிக்கு 11க்குக் குறையக்கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். குறைவாக இருந்தால் முழுப் பட்டினி வேண்டாம். பழம், பால், சுண்டல் என்று பலகார விரதம் இருக்கலாம்.

2. இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு சாப்பிடாதீர்கள். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்தால் சத்து நன்றாகப் பிடிக்கும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.

3. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்கக் கூடாது. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கண் இருட்டும். உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். அந்த நேரத்தில் விரதம் பார்க்கக் கூடாது.

4. கோயிலுக்குப் போவதற்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள். சிலருக்கு ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் கரு தங்கியிருக்கிறதா என்று தெரியாமல் போடவே கூடாது.

5. குழந்தைக்கு முயற்சி செய்யும்போதே ஃபோலிக் அமில மாத்திரை ஆரம்பித்துவிட வேண்டும். பிள்ளையின் முதுகுத்தண்டும் மூளையும் சரியாக வளர அது உதவும். தங்கிய பிறகு ஆரம்பித்தால் தாமதமாகிவிடலாம்.

6. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் விரதம் கட்டாயம் என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை. வேண்டுதலைக் கணவரும் நிறைவேற்றலாம்.

வீட்டில் முளைகட்டிய பச்சைப்பயறை வாரத்தில் 2, 3 நாள் பிள்ளைகளுக்கும் கொடுத்து நீங்களும் சாப்பிடுங்கள். முளைவிடும்போது அதில் வைட்டமின் சி கூடுகிறது. தாயார் சன்னிதிப் பயறு மனசுக்கு, அடுப்படிப் பயறு உடம்புக்கு.

சொல்லாலும் அடிக்கலாம்

குழந்தை இல்லை என்றோ ஆண் பிள்ளை இல்லை என்றோ ஒரு பெண்ணைக் கேலி செய்வதும் இழிவாகப் பேசுவதும் வன்முறைதான். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மாவட்டத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

"வேற பொண்ணு பாக்குறோம்" என்று மிரட்டுகிற வீடுகளும் உண்டு. இந்து திருமணச் சட்டம் 1955இன்படி மனைவி உயிரோடு இருக்கும்போது, விவாகரத்து ஆகாமல் கட்டுகிற இரண்டாம் தாலி செல்லாது. அது தண்டனைக்குரிய குற்றமும்கூட.

மாமியார் ஸ்தானத்தில் இருக்கிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலரும் இந்தப் பேச்சைக் கேட்டு அழுதவர்கள்தான். அந்தப் பேச்சு நம்மோடு நிற்கட்டும், அடுத்த தலைமுறைக்கு வேண்டாம்.

ஜடாயு சொல்லிக்கொடுத்த பாடம்

எல்லா வைத்தியமும் பார்த்து, எல்லாக் கோயிலும் போய், பிள்ளை இல்லாமலே போகிறவர்களும் இருக்கிறார்கள். "கொள்ளி போட ஆள் வேண்டாமா?" என்கிற கேள்விதான் அவர்களை அதிகம் குத்துகிறது. அந்தக் கேள்விக்கு நம்ம ஊர்த் தலபுராணமே பதில் சொல்கிறது. ஜடாயு ராமரைப் பெற்ற தகப்பன் இல்லை, அது ஒரு பறவை. ஆனாலும் பெருமாள் பிள்ளை ஸ்தானத்தில் நின்று அதற்குக் கடன் செய்தார். உறவு வயிற்றில் மட்டும் வருவதில்லை, அன்பிலும் வரும். அந்த மண்ணில் வாழ்கிற நாம் பிள்ளை இல்லாதவளை ஒதுக்கலாமா?

தத்து எடுக்க விரும்புகிறவர்கள் சட்டப்படி எடுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் பதிவு செய்யும் முறையைச் சொல்வார்கள். யாரோ இடைத்தரகர் சொன்னார் என்று பணம் கொடுத்துக் குழந்தை வாங்குவது குற்றம். பிற்பாடு குழந்தையையும் இழக்க நேரும்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

1. குழந்தை இல்லாத உறுப்பினரை நம்ம ஊரில் எந்தெந்த விசேஷங்களில் ஒதுக்குகிறோம்? அடுத்த வளைகாப்பில் அவரையும் முன்னால் அழைத்து வளையல் போடச் சொல்லலாமா?
2. கணவரைப் பரிசோதனைக்கு அழைக்கும்போது எப்படிப் பேசினால் சண்டை வராது? இரண்டு பேர் கணவன், மனைவியாக நடித்துக் காட்டுங்கள்.
3. நம் குழுவில் எத்தனை பேர் இந்த வருஷம் ரத்தம் பரிசோதித்திருக்கிறோம்? பார்க்காதவர்கள் சேர்ந்து ஒரே நாளில் போகலாம்.
4. மருத்துவச் செலவுக்குக் குழுவில் கடன் கேட்டால், காரணத்தை எல்லார் முன்னாலும் விளக்கச் சொல்லாமல் கொடுக்கத் தீர்மானம் போடலாமா?

அடுத்த முறை அமாவாசைக்குத் தாயாரைச் சேவிக்கப் போகிறவர்கள், உங்கள் குழுவில் மனசு நொந்திருக்கிற ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள். பயறு கட்டுகிற அந்த இரவில் அவருக்குத் துணையாக இருங்கள். காலையில் முளைத்திருந்தாலும் முளைக்காவிட்டாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றாகவே ஊர் திரும்புங்கள். அடுத்த வாரம் கணவன், மனைவி இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வையுங்கள்.