மாத்திரையும் வயிற்றுப்போக்கும்

கேள்வி: பல் வீக்கத்துக்காக என் மாமியார் அமாக்ஸிசிலின் சாப்பிடுகிறார். மூன்றாம் நாளாக வயிறு இளகிப் போகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நோய்க் கிருமிகளைச் சங்கரிக்கப் புகும் மருந்து, குடலில் நமக்கு அனுகூலமாய் வசிக்கும் கிருமிகளையும் பேதம் பாராமல் அழித்துவிடுவதனால், நாளைக்கு ஓரிரு முறை வயிறு இளகுவது சகஜமே, அதற்காகத் தாமாகவே நிறுத்துவது உசிதமன்று. ஆனால், தண்ணீராய்ப் பல முறை போவதோ, மலத்தில் ரத்தம் காண்பதோ, ஜுரத்தோடு வயிறு முறுக்கி வலிப்பதோ நேர்ந்தால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன் டாக்டரைக் கலந்துகொள்ளுங்கள். பேதியைக் கட்டும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள் (நம் வீடுகளில் முதலில் நடப்பது அதுதான்). மருந்து முடிந்து சில வாரங்களுக்குப் பின்னரும் இவ்வுபத்திரவம் தோன்றக்கூடுமாதலால், அப்போதும் பழைய மருந்துச் சீட்டோடு போவது நலம்.

உதடும் நாக்கும் வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இரைக்குமாயின் விஷயம் வேறு. பெனிசிலின் வர்க்கத்து மருந்துகள் சிலருக்கு விளைவிக்கும் இந்த அபாயத்தில் நிமிஷங்களே கணக்காகையால், மாத்திரையைத் தொடாமல் உடனே 108-ஐ அழையுங்கள். தோல் கொப்புளித்து உரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குத் தாமதமின்றிப் போக வேண்டும்.

பல் வீக்கம் இரண்டு மூன்று தினங்களாகியும் வற்றாவிடில், உள்ளே தங்கிய சீழை வெளியேற்றுவது பல் வைத்தியரின் கருவியால்தான் ஆகும். வீக்கம் தாடைக்கடியில் பரவி, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமற்போனால், அன்றிரவே புறப்படுங்கள்.